பதினோரு நாள் நரி

அவள் கண் விழிக்கும்போது நரி அவளுக்கு நேராக இருக்க வேண்டும்.

கூடையைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். மேலே மூடியிருந்த சாக்கை எடுத்தான். பின்வாங்கிச் சுவரோடு உட்கார்ந்தான்.

விடிந்துகொண்டிருந்தது.

வங்காநரி முகத்தில் விழித்தால் அந்த ஆண்டு முழுக்க நல்லது நடக்கும் என்பார்கள் அந்தப் பக்கத்தில். அவன் ஆண்டு முழுக்கக் கேட்கவில்லை. மனைவி பேசினால் போதும்.

எட்டு மாதம் ஆகிறது. தங்கை வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், எல்லோர் முன்னிலும், "அவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

அவள் பாதி இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து சோறு வைப்பாள். வெந்நீர் வைப்பாள். பேச்சு இல்லை.

நரிக்குட்டி முந்தின நாள் கிடைத்தது. மரவள்ளி வயலின் வரப்பை ஜேசிபி இடித்தபோது வளைக்குள்ளிருந்து உருண்டு வந்தது. தாயைக் காணோம். செத்திருக்கும் என்று நினைக்க அவனுக்கு வசதியாக இருந்தது. துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டான்.

அவள் விழித்தாள்.

நரி அவளைப் பார்க்கவில்லை. கறுத்த வால்நுனியை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. முகமே தெரியவில்லை.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குத் தண்ணி வெச்சீங்களா?"

அவன் பதில் சொல்ல மறந்து தண்ணீர் எடுக்க ஓடினான்.

அதன்பிறகு பேச்சு வந்தது. நரியைப் பற்றி மட்டும்.

ஆட்டுப்பாலில் பாதித் தண்ணீர் கலக்க வேண்டும் என்றாள். வேலிக்கம்பில் படர்ந்த கரையானை உதிர்த்துக்கொண்டு வந்து வைத்தாள். நக்கித் தின்றது. பொட்டைக்குட்டி என்றாள். அவன் அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் வந்தான். கண்களை இறுக மூடிக்கொண்டு, மனைவி பாவாயியின் தோளைப் பிடித்தபடி, வரப்பு வழியாக. நரிக்கு முன்னால் வேறெதையும் பார்த்துவிடக் கூடாதாம்.

"மெதுவாப் போடி. வாய்க்கால்ல தள்ளிராத."

"தள்ளுனா அங்கியே முழிச்சுக்கங்க. தவக்களை மொகத்துல."

கூடைக்கு முன்னால் நின்று கண்ணைத் திறந்தான். நரி முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும்.

போகும்போது செங்கோடன் குரலைத் தாழ்த்தினான். "ஃபாரஸ்ட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா உள்ள வெச்சிருவாங்க, மாமா. வுட்டுருங்க."

அவனோ விடுவதற்குப் பதில் கூண்டு அடிப்பதைப் பற்றி நினைத்தான். மறுநாளே கம்பிவலை வாங்கி வந்தான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்புறம், சுவரோடு சேர்த்து அடித்துவிடலாம். வெளியே தெரியாது. நாயைப் போலப் பழகிவிடும்.

பத்து வருஷம் இருக்குமா? இருந்தால் பத்து வருஷம் பேசுவாள்.

எட்டாம் நாள் அந்தியில் ஒரு குரல் கேட்டது. மேற்கே, கல்லும் முள்ளுமாக நிற்கும் கரட்டிலிருந்து. சின்னச் சின்னதாக. நின்று, மறுபடி.

குட்டி எழுந்து நின்றது. காதுகள் மேற்கே திரும்பியிருந்தன.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

தாய் சாகவில்லை.

குட்டி பாலைத் தொடவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். அந்த மௌனம் அவனுக்கு நன்றாகப் பழகியது.

பதினோராம் நாள் வாசலில் வலையை விரித்து முழம் போட்டுக்கொண்டிருந்தான். குரல் கேட்டது. கை நின்றது.

இது போய்விட்டால், இருவருக்கும் நடுவில் பேச என்ன இருக்கிறது?

வெயில் வாசலை விட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு வலையைச் சுருட்டினான்.

"நான் பண்ணுனது தப்பு."

எதை என்று சொல்லவில்லை. அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பண்ணலாம்? நீ சொல்லு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், மேற்கே நடந்தாள்.

கரட்டடியில் கூடையைச் சாய்த்தாள். குட்டி இறங்கி மண்ணை மோந்தது. ஓர் எட்டு வைத்தது. இன்னும் ஓர் எட்டு. மேலே பாறையோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

பிறகு இரண்டும் இல்லை.

திரும்பினார்கள். அவள் முன்னால். அவன் பின்னால். அவனுடைய செருப்புச் சத்தம் மட்டும்.

ஒற்றைப் பனையைத் தாண்டினார்கள். கிணற்று மேட்டைத் தாண்டினார்கள். வீடு வரைக்கும் இப்படித்தான் என்று நினைத்தான். வீட்டுக்குள்ளும்.

அவள் நின்றாள்.

"முள்ளுங்க."

வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

அவன் எதிரே குந்தி, பாதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். வெளிச்சம் குறைந்திருந்தது. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தான். மெல்லத் தடவினான். நகத்தில் தட்டுப்பட்டது. முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது.

"வந்திருச்சுங்களா?"

முள் அவன் விரலிடுக்கில் இருந்தது.

"இன்னும் இல்ல."

அவள் காலை எடுத்துக்கொள்ளவில்லை.

"அவசரமில்லீங்க," என்றாள். "நிதானமாப் பாருங்க."