சாக்குக்கு அடியில்

கரக்... கரக்... கரக்...

பக்கத்து வீட்டுக் கொல்லையில் யாரோ எதையோ சுரண்டுகிறார்கள்.

கரண்ட் வேறு இல்லை. அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கணவன் ஷாகிர் கடையை அடைத்துவிட்டு டவுனிலிருந்து வர இன்னும் நேரமாகும். சனோபர் கைக்குழந்தை சபிஹாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பேய், பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கான்வென்ட்டில் படித்தவள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று குர்ஆன் வசனம் ஓத ஆரம்பித்து, பதற்றத்தில் பள்ளிக்கூடப் பழக்கம் தொற்றிக்கொள்ள, மாதா ஜெபத்தில் கொண்டுபோய் முடித்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. திருநகருக்கு அப்பால் முளைத்த புதுக் குடியிருப்பு இது. போன வாரம் பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழி வந்தது. உள்ளே எலும்பு. அதிகாரிகள் வந்து எடுத்துப்போனார்கள்.

"இன்னும் இருக்கலாம். பானையில பேர் கீறியிருந்தா ரொம்ப விசேஷம். கிடைச்சா மறைக்காமச் சொல்லணும்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டும் போனார்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

பேயில்லை. கண்ணுச்சாமியேதான். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். செல்போன் வெளிச்சத்தில், கன்னங்கரேலென்று வாயகன்ற பானை மாதிரி ஒன்றை, மண்ணும் நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி சுந்தரம்மாள் தண்ணீர் ஊற்றினாள்.

"மெல்லத் தேய்ங்க. அந்தப் புள்ளைக்குக் கேட்டுரப் போகுது."

"கேக்காது, ஊத்து. ஏ, இங்க பாரு, பேரு தெரிய ஆரம்பிச்சிருச்சு!"

சனோபருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. இன்று காலை சுதந்திர தின விழாவில் இந்த மனிதருக்குத்தானே பொன்னாடை போர்த்தினார்கள்! "எல்லையைக் காத்த கரங்களுக்கு நாம் என்ன செய்தாலும் தகும்" என்று மைக்கில் முழங்கியவளே அவள்தான். தெருவுக்கே பிரியாணி ஆக்கிப் போட்டதும் அவள்தான். அந்தக் கரங்கள் இப்போது திருட்டுத் தாழி தேய்க்கின்றன.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கிசுகிசுப்பாகப் பேசி அனுப்பினாள்: "கண்ணுச்சாமி அங்கிள் இன்னொரு தாழியை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கார். பேர் வேற இருக்காம். உடனே வாங்க!"

அனுப்பிய பெருமையோடு மறுபடி எட்டினாள்.

"என்ன பேரு போட்டிருக்கு?" என்று கேட்டாள் சுந்தரம்மாள்.

"சைனப்."

அது சனோபருடைய மாமியாரின் பெயர்.

தாழியில்லை. காலையில் பிரியாணி ஆக்கிய தேக்சா. அடிப்பிடித்துக் கருகியதை யாரும் பார்க்குமுன் பந்தலுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு நழுவியிருந்தாள். ரெண்டு தட்டு கழுவுவதையே நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறவள் அவள்.

"நாளைக்கு மாமியா வந்து தேக்சாவைக் கேக்குமாம். இந்தக் கோலத்துல பாத்தா புள்ளைய உண்டு இல்லைன்னு பண்ணிரும். பளிச்சுனு ஆக்கி வாசல்ல வச்சிட்டு வந்துருவோம்" என்றார் கண்ணுச்சாமி.

சனோபர் பதறிப்போய்ச் செய்தியை அழித்தாள். இருட்டில் விரல் தவறி, 'எனக்கு மட்டும்' என்பதை அமுக்கித் தொலைத்தாள். இப்போது அந்தச் செய்தி அவளைத் தவிரத் தெருவில் எல்லோரிடமும் இருந்தது.

அந்தப் பக்கம் செல்போன் வெளிச்சம் ஒருதரம் ஆடி அடங்கியது.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருச் சங்கச் செயலாளர் ஜெயபாண்டி நாலைந்து பேரோடு வந்தார். அதற்குள் தேக்சாவை ஒரு சாக்கு மூடியிருந்தது.

"அண்ணே, சாக்குக்கு அடியில என்ன?"

"ஒண்ணுமில்ல, மாப்ள."

"தாழியாமே?"

கண்ணுச்சாமி கொஞ்சம் யோசித்தார். "ஆமா, தாழிதான். காலையில நானே ஆபீசர்கிட்ட ஒப்படைச்சிர்றேன். இப்பப் போங்க."

"போர்த்துன பொன்னாடையைத் திருப்பி வாங்கிருவோமாண்ணே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சாக்கைத் தூக்கிக் காட்டினால் தீர்ந்தது. அவர் தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தம் போடாமல் வீட்டுக்குள் போய்விடலாமா என்று சனோபருக்குத் தோன்றத்தான் செய்தது. கால்கூட ஒரு எட்டு பின்னால் போனது.

"அது எங்க மாமியார் தேக்சா!" சுவருக்கு மேலிருந்து அலறினாள். "கருக விட்டது நான்! ஒளிச்சதும் நான்! அங்கிள் பாவம், தேய்ச்சுக் குடுக்கறார்!"

சபிஹா விழித்து வீரிட்டாள். ஜெயபாண்டி சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"பிரியாணியில தீய்ஞ்ச வாடை அடிச்சப்பவே நெனச்சேன்" என்றார். கொல்லையே சிரித்தது.

சனோபர் குழந்தையோடு ஓடிவந்து நாரைக் கையில் வாங்கினாள். கண் நிறைந்துவிட்டது. "ஸாரி அங்கிள். அந்த வாய்ஸ் மெசேஜ் போட்டதே நான்தான். தெரிஞ்சிருந்தா என்னைக் காப்பாத்தியிருக்கவே மாட்டீங்க."

சுந்தரம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தெரியாம என்ன? இவுகளும் அந்தக் குரூப்புலதான இருக்காக! நீ பேசுனதைக் காதுல வச்சு முழுசாக் கேட்டாக. அப்புறந்தான், நாலு பேரு முன்னால புள்ள தலைகுனியக் கூடாதுன்னு சாக்கைத் தேடுனாக" என்றவள், சிரித்துக்கொண்டு நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவுக்கு உள்பக்கமாகக் கொண்டி போட்டாள்.