கம்ப்யூட்டர் விழுங்கிய கிணறுகள்

"ஏழு கிணத்தைத் தொலைச்சிட்டா ஃபாதர் இவ. ஒண்ணா ரெண்டா?"

மேனேஜர் பிலவேந்திரன் விரல் நீட்டிய இடத்தில் டைப்பிஸ்ட் புஷ்பமேரி நின்றிருந்தாள். காரிமங்கலத்தில் இருந்த கிணறு வெட்டித் தரும் தொண்டு ஆபீஸ் அது. அன்று காலை பத்து மணிக்கு விசாரணை. விசாரிக்க வந்தவர் டைரக்டர் இன்னாசி ஃபாதர்.

தொலைந்தது கிணறு இல்லை, மனு. வத்தல்மலைக்காரர்கள் கிணறு கேட்டு இறங்கி வந்து சொன்ன விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். இப்போது காணோம்.

"பேப்பர்ல எழுதி வாங்கலையா?"

"எண்பத்தொம்பதாம் வருசமே முடியப் போவுது, இன்னும் பேப்பருங்களா ஃபாதர்? நானே நேரா கம்ப்யூட்டர்ல அடிச்சேன்" என்றார் பிலவேந்திரன்.

அது உண்மைதான். முன்பெல்லாம் கருப்புத் திரையில் ஏதேதோ கட்டளை அடித்தால்தான் ஃபைல் திறக்கும். அது புஷ்பமேரிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு டைப்பிஸ்ட் பெண்ணிடம் போய், "கொஞ்சம் திறந்து குடும்மா" என்று நிற்பது மேனேஜருக்குக் கௌரவக் குறைச்சல்.

அதனால் புரோகிராம் எழுதும் கிருஷ்ணப்பனை ஓசூரிலிருந்து வரவழைத்து, திரையிலேயே இரண்டு பெட்டி வைக்கச் சொன்னார். ஒன்றைத் தட்டினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியல் வரும். வேண்டியதைத் திறக்கலாம். இன்னொன்றைத் தட்டினால் என்ன பேரில் சேமிக்கட்டும் என்று கேட்கும். பேர் சொன்னால் போதும்.

பெட்டி வந்த அன்றே புஷ்பமேரியைக் கவர் ஒட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்.

"போன வாரம் பெட்டியைத் தட்டினா ஒரே மனுதான் வந்துச்சு. மத்தது எங்கேன்னு இவளைக் கேட்டா, ஒண்ணுதான் சார் இருக்குன்னு கூசாம சொல்றா ஃபாதர். அடிச்சது எட்டு."

"நீ என்னம்மா சொல்ற?"

"ஏன் காணோம்னு அன்னிக்கே சொன்னேங்க ஃபாதர். சார் கேக்கலீங்க." அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வேலை போனால் மாரண்டஹள்ளியில் தக்காளி பொறுக்கத்தான் போகவேண்டும்.

"அவ செஞ்ச குத்தத்தையெல்லாம் நேத்து நானே அடிச்சு உள்ள வெச்சிருக்கேங்க. திறந்து பாருங்க."

விசாரணைக்காக மறுபடி வந்திருந்த கிருஷ்ணப்பன் பெட்டியைத் தட்டினான். பட்டியல் வந்தது. புஷ்பமேரி அடித்தவை நாற்பதுக்கு மேல், ஊர் ஊராகப் பேர் போட்டு. மேனேஜர் அடித்தது ஒன்றே ஒன்று. அதன் பேர் ஜே.எம்.ஜே.

"இது என்ன பேரு?" என்றார் ஃபாதர்.

பிலவேந்திரன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "சேசு, மரி, சூசை ஃபாதர். கடுதாசி தலைப்புல போடுவமே, அதேதான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதேன்னு இங்கிலீஷ்ல. பேர் என்னன்னு பெட்டி கேட்டா நான் எப்பவும் அதான் போடுவேன்."

"எல்லாத்துக்குமா?"

"சாமியில பெருசு சின்னது உண்டுங்களா?"

கிருஷ்ணப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், அதே பேர்ல ஒண்ணு இருக்கு, அதை அழிச்சிட்டு இதை வெக்கட்டுமான்னு பெட்டி கேட்டிருக்குமே?"

"ஏதோ கேக்கும். ஆமான்னு தட்டிருவேன். சாமி பேரு போட்டுட்டு வேணாம்னா சொல்ல முடியும்?"

"ஒவ்வொரு தடவையும் ஆமாம்னீங்க. ஒவ்வொரு தடவையும் முந்தினதை அழிச்சிடுச்சு. ஏழு இல்லீங்க சார். நேத்து இந்தப் பொண்ணு குத்தத்தை அடிச்சு வெச்சீங்க பாருங்க, அதுல எட்டாவது கிணறும் போச்சு."

பிலவேந்திரன் தொண்டையைச் செருமினார். "தெரியாம நடந்ததுங்க ஃபாதர். அந்தப் பொண்ணு மேல எனக்கென்ன கோவம்? வேலையைப் பாக்கட்டும். என் பொண்ணு மாதிரி."

"சரி, சரி. பெரிய மனசுதான் உமக்கு." ஃபாதர் எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார். "இருந்தாலும் அந்தக் குத்தப் பட்டியலை ஒருதரம் படிச்சிடுவோமே. அது ஒண்ணாவது மிச்சம் இருக்கில்ல?"

"வேணாங்க ஃபாதர். எதுக்குங்க அது?"

கிருஷ்ணப்பன் அதற்குள் திறந்துவிட்டான்.

திரையில் குற்றப் பட்டியல் இல்லை; அதையும் அதே பேர் அழித்திருந்தது. அன்றைய தேதி போட்டு, ஃபாதருக்கே எழுதிய ஒரு கடிதம் இருந்தது. இங்கிலீஷ் கடிதத்தை ஃபாதர் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"இன்று தங்கள் முன்னிலையில் நடந்த விசாரணையில் புஷ்பமேரி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கண்ணீர் விட்டு அழுது, தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொண்டதால், அந்த இடத்துக்கு என் மச்சினிச்சி மகள் லூர்து மேரியை நியமிக்க வேண்டுகிறேன்..."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்தரை ஆவுது பிலவேந்திரன். இந்தப் பொண்ணு இன்னும் அழவே இல்லையே."