அடைப்புக்குறிக்குள் ஒரு எண்

பொருளறையில் ஸ்டோர்கீப்பரம்மா சோதனைக்குழாயைக் குலுக்குகிறாள். மேசையில் இரண்டு பாட்டில்கள், இரண்டிலும் வெள்ளைப் பொடி, இரண்டின் மேலும் ‘மெர்க்குரி குளோரைடு’ என்ற அச்சு. பாதரசத்துக்குப் பெயர் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும் என்று பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என அவளே பேனாவால் எழுதியிருந்தாள். அந்த இடங்களில் இப்போது நீலக்கறைதான் இருக்கிறது. அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று காலையில் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்ததும் அவள்தான். ஒன்றாம் எண் தண்ணீரில் கரையாது, மாவாக அடியில் தங்கும். இரண்டாம் எண் கரைந்துவிடும். அது கொடிய விஷம்.

வேதியியல் டீச்சர் வாசலில் நிற்கிறாள். “அக்கா, நீங்க குடுத்த பொடி பத்தல. இன்னும் கொஞ்சம் குடுங்க.”

“பிள்ளைங்க கையுறை போட்டாங்களா?” ஸ்டோர்கீப்பரம்மா குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறாள்.

“இல்லியே. இது ஒண்ணாம் நம்பர், பயப்பட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பொண்ணுதான் எல்லாருக்கும் கிள்ளிக் கிள்ளிப் பங்கு வச்சா.”

காலையில், துடைத்து வைத்த பிறகு, எண்ணைப் பார்க்காமலே பொடி எடுத்துக்கொடுத்தது இடப்பக்கத்துப் பாட்டிலிலிருந்து. சோதனைக்குழாயில் இருப்பதும் அதே பொடிதான். சன்னல் வெளிச்சத்தில் வெண்புகை போலச் சுழன்ற தண்ணீர் மெல்லத் தெளிகிறது. அடியில் ஒரு துகள்கூட இல்லை. டீச்சரின் தோளுக்கு அப்பால், எதிர் வகுப்பின் முதல் பெஞ்சில், மகள் கரும்பலகையைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள்.