பல்லி சொன்ன அரிசி

“பல்லி என்ன சொல்லிச்சுக்கா? துவரம்பருப்பா, உளுந்தா?”

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள் எதிர் ஃபிளாட் ரம்ஸியா. அவளுக்குப் பல்லியில் நம்பிக்கை கிடையாது. அதெல்லாம் எங்களுக்குக் கூடாதுக்கா என்று முதல் நாளே சொன்னவள். ஆனால் ஆஃபரில் நம்பிக்கை உண்டு. இந்த அரபு தேசத்துக் கராமாவில் ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வேறு எதில்தான் நம்பிக்கை வரும்?

ஜெயமணி காலி டப்பாவையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் வாராவாரம் ஏதாவது ஒரு சாமானை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். எது என்பது புதன்கிழமை கதவுக்கடியில் நோட்டீஸ் வந்து விழும்போதுதான் தெரியும். ஒருநாள் ஜெயமணி சர்க்கரை டப்பாவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, சமையலறை டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. இந்த வாரம் சர்க்கரைதான், வாங்காமல் இரு என்று ரம்ஸியாவிடம் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். புதன்கிழமை சர்க்கரையே வந்தது. அடுத்து எண்ணெய் டின்னைக் கவிழ்க்கும்போது சொன்னது, எண்ணெய் வந்தது. பிறகு கடலைமாவு, புளி, ரவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செய்தி மாடி தாண்டி, கட்டடம் தாண்டி, தெருவெல்லாம் பரவிவிட்டது. பல்லி பருப்பு என்றால் யாரும் பருப்பு வாங்கமாட்டார்கள். ரசமும் துவையலுமாக ஓட்டிவிட்டு, புதன்கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு சாம்பார் வைப்பார்கள். பூச்சி மருந்து அடிக்க வந்த ஆட்களை, கட்டடத்துப் பெண்கள் திரண்டு வந்து “மாஃபி, மாஃபி, இங்க பூச்சியே இல்ல” என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் துடைப்பத்தோடு அதைத் துரத்திய ஜெயமணியின் கணவன் நாகலிங்கம்கூட, இப்போதெல்லாம் “அவர் எங்கே, காணோமே?” என்றுதான் கேட்கிறான்.

இந்த வாரம் அவரை நிஜமாகவே காணவில்லை. ஜெயமணி டியூப் லைட்டைத் தட்டிப் பார்த்தாள், அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். பல்லி ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டிருந்தது.

அதுவும் எப்படிப்பட்ட வாரம்! நாகலிங்கத்தின் கம்பெனியில் இன்னும் சம்பளம் போடவில்லை. அரிசி வாளியில் அடி தெரிந்தது. நெய் வாங்கி எத்தனை மாதமாயிற்று என்று யோசிப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

“எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்கக்கா. சொல்லுங்க,” என்றாள் ரம்ஸியா.

ஜெயமணியின் கண் அரிசி வாளிமேல் போனது.

“அரிசி,” என்று சொல்லிவிட்டாள்.

“அரிசியா? அத அவங்க ஆஃபர்ல போட்டதே இல்லையேக்கா.”

“சொன்னதச் சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்.”

அன்று மாலைக்குள் தெருவில் அரிசி வாங்குவது நின்றுபோனது. எல்லா வீட்டிலும் கடை ரொட்டியான குபூஸ். ஊரிலிருந்து வந்து இறங்கிய ரம்ஸியாவின் மாமியாருக்கு, பிரியாணிக்குப் பதில் ரவை உப்புமா. நாகலிங்கம் குபூஸைச் சாம்பாரில் பிசையப் பார்த்துத் தோற்றுப்போனான்.

“கடைக்காரனுக்கு என்ன பைத்தியமா, அரிசிய அந்த விலைக்குக் குடுக்க? ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. வியாழக்கிழமையிலேருந்து நீ லிஃப்ட்ல போக முடியாது. படியிறங்கித்தான் போகணும்.”

அரிசி வராவிட்டால் அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போடுவது? அக்கம்பக்கத்தில் ஒரு படி அரிசி கடன்கூடக் கேட்க முடியாது. அவள் பேச்சைக் கேட்டு எல்லோர் வீட்டு வாளியும்தான் காலி. உண்மையைச் சொல்லி ரம்ஸியாவின் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து அவள் கதவைத் திறந்தாள்.

வாசலில் முன்பின் தெரியாத ஒருத்தி கார் சாவியோடு மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

“நீங்கதானே பல்லியக்கா?”

பெயர் சந்தியாவாம், அடுத்த தெருவாம். வாராவாரம் ரம்ஸியாவிடம்தான் ஃபோனில் கேட்டுக்கொள்வாளாம். மாமியார் வந்ததிலிருந்து அவள் ஃபோனையே எடுப்பதில்லையாம். அதனால் நேரில் வந்துவிட்டாளாம். காரில் வருகிறவளுக்கு ஆஃபர் எதற்கு என்று ஜெயமணிக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

“இந்த வாரம் என்னக்கா? சீக்கிரம் சொல்லுங்க, அவர் லைன்ல இருக்காரு.”

“அரிசின்னு சொல்லிட்டேன்மா. ஆனா அது வந்து…”

சந்தியா அதற்குமேல் கேட்கவில்லை. செல்போனைக் காதில் வைத்தாள்.

“ஏங்க, அரிசியாம். ஆமா, அரிசிதான். நோட்டீஸ அச்சுக்குக் குடுத்துடுங்க.”

ஜெயமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர்தான்க்கா அந்த சூப்பர் மார்க்கெட் மேனேஜர்,” என்றாள் சந்தியா. “எந்தச் சாமான் போகலையோ அதுக்குத்தானே ஆஃபர் போடணும்? நீங்க சொன்ன சாமான் அந்த வாரம் ஒரு பாக்கெட்கூடப் போகாது. மொதல்ல அவருக்கு ஒண்ணும் புரியல. இப்பல்லாம் பல்லியக் கேக்காம எதையும் போடறதில்ல.”

ஜெயமணி திரும்பி, சமையலறையின் வெறும் டியூப் லைட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

“ஃபோன வச்சிடாதம்மா,” என்றாள். “நெய்யும் சொல்லுது.”