சொக்கநாதன் பார்த்த ரிப்பேர்

"யோவ், இது மூணாவது தடவை! நீ ரிப்பேரு பாத்த லட்சணம் இதுதானா?"

நல்லகாமன் போட்ட சத்தத்தில் பரவைக் கண்மாய்க் கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையில் தூண்டில் கம்பு. அதில் பூட்டியிருந்தது சீமை ரீல். ஊரைவிட்டுப் போன மில் இன்ஜினீயர் துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது. ஒரு வருஷமாக அருமையாகத்தான் வீசிக்கொண்டிருந்தார். இந்த ஒரு மாதமாக, வீசினால் போதும், உள்ளே பட்டு நூல் சடைபிடித்துச் சிக்கிக்கொள்கிறது.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? மகள் தங்கப்பொண்ணைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "விரால் பிடிச்சு விருந்து வைக்கிறேன், வாங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா கருத்தக்கண்ணனைக் கரைக்கே கூட்டி வந்திருந்தார். எதற்கும் இருக்கட்டுமென்று, ரீலை ரிப்பேர் பார்த்த, மதுரையில் கடிகாரக் கடை வைத்திருக்கும் சொக்கநாதனையும் வரச் சொல்லியிருந்தார்.

சொக்கநாதன் சிக்கெடுத்தார். பக்கத்துத் திருகைக் கொஞ்சம் இளக்கினார், கொஞ்சம் இறுக்கினார். கம்பை நீட்டி, நூல் நுனியில் கட்டிய ஈயக்குண்டை விட்டார். அது மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. ரீலும் அத்தோடு நின்றது.

"திருகு சரியா இருக்குண்ணே. குண்டு தண்ணியில விழுகயில கட்டைவிரலால லேசா அமுக்கி ரீலை நிப்பாட்டணும். இல்லாட்டி உருண்டுக்கிட்டே இருக்கும், நூல் சிக்கிரும்."

"எனக்கே சொல்லிக் குடுக்குறியாக்கும்?"

சொக்கநாதன் தானே ஒரு வீச்சு வீசிக் காட்டினார். குண்டு விர்ரென்று போய் நடுக்கண்மாயில் விழுந்தது. ஒரு சிக்கு இல்லை.

நல்லகாமன் பிடுங்கி வீசினார்.

கரகரவென்று சத்தம். மறுபடியும் சிக்கு.

மைத்துனன் முத்திருளன் வாய்விட்டுச் சிரித்தான். "மச்சான், விருந்துக்குக் கத்திரிக்காயே போதும் போல!"

சொக்கநாதன் சிரிக்கவில்லை. ரீலையும் பார்க்கவில்லை. நல்லகாமனின் கையையே பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி சொக்கநாதனின் முகம் வெளிறிப்போனது. சட்டென்று தோள் துண்டை எடுத்து, கம்போடு சேர்த்து நல்லகாமன் கையையும் மூடி, துண்டாலேயே அழுத்தித் துடைத்துக் கம்பை வாங்கிக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதாண்ணே. ரீலுக்குள்ள சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சிருக்கு, நான் கவனிக்கல. நாளைக்குக் கடைக்கு வாங்க. நீங்க மட்டும் வாங்க."

"இப்ப நீ வீசுனப்ப அந்தப் பல்லு தேயலையா? ஏமாத்துக்காரப் பயலே! உன் கடையையே இழுத்துப் பூட்ட வைக்கிறேனா இல்லையா பாரு!"

இன்னும் என்னென்னவோ திட்டினார். சொக்கநாதன் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார்.

"விடுங்க சம்பந்தி, டவுன்காரன் வேலை அப்படித்தான்" என்று கருத்தக்கண்ணன்தான் சமாதானம் செய்தார்.

மறுநாள் காலை, சண்டைக்குத் தயாராகத்தான் நல்லகாமன் கடைக்குள் நுழைந்தார். சொக்கநாதன் கதவைச் சாத்தினார்.

"வலது கையை நீட்டுங்கண்ணே. முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிருங்க."

"எதுக்கு?"

"சொல்றேன்."

நல்லகாமன் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னய்யா பண்ணப்போற? சீக்கிரம் பண்ணு."

"பண்ணிட்டேன். திரும்புங்க."

கட்டைவிரலில் ஒரு குண்டூசி குத்தி நின்றது. அடியில் ரத்தம் பொட்டாகத் துளிர்த்திருந்தது.

வலியே இல்லை.

"நேத்து நூல் அறுத்து இந்த விரல்ல ரத்தம் ஓடுச்சு. உங்களுக்குத் தெரியவே இல்ல. மரத்துப்போன விரலு எப்படிண்ணே ரீலை நிப்பாட்டும்?"

"வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன். முள்ளு கிழிச்சிருச்சுன்னு…"

"மணிக்கட்டுல இந்த வெளுப்பு எம்புட்டு நாளா இருக்கு?"

"தேமல்னு விட்டுட்டேன். யோவ்… பெருநோயா… குஷ்டமா?"

"எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. வெளிய சொல்லப் பயந்து நாங்க ரெண்டு வருஷம் பேசாம இருந்து கெடுத்துட்டோம். நீங்க அப்படி இருந்துறாதீங்க. ஆஸ்பத்திரியில நீரடிமுத்து எண்ணெயை ஊசியாப் போடுறாங்க. ஆரம்பத்துலயே போனா நிக்குதாம். வாங்க, நானும் வாரேன்."

நல்லகாமன் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி உம்மை நாயே பேயேன்னு பேசுனேனே! ஏன்யா வாயைத் திறக்கல?"

சொக்கநாதன் குண்டூசியை எடுத்துவிட்டு, விரலில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"எப்படிண்ணே திறக்கிறது? உங்க சம்பந்தி பக்கத்துல நின்னாரு."