மூடிமேல் ஒரு கை

டப்பிங் அறையில், பின்லாந்தும் சீனாவும் சேர்ந்து எடுத்த படமொன்றில் பெட்டிக்குள் அடைபட்ட சீன அரக்கனுக்கு மாசிலாமணி தமிழில் குரல் கொடுத்தார். “தொறப்பா, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்.” திரையில் பின்லாந்துக் கொல்லன் மூடியைத் திறந்தான், வெளியே பாய்ந்த அரக்கனிடம் வாள்வீரர்கள் மடிந்தார்கள். “நம்புற மாதிரி இல்ல சார். ஒன்மோர்,” என்றாள் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்யும் ரெஜினா. அதே காட்சி மறுபடி ஓடியது. இம்முறை அவர் குழைந்து பேசினார். கொல்லனின் கை மூடிமேல் நின்றுவிட்டது. “படம் நின்னுடுச்சா?” “இல்ல சார். பின்னாடி பனி பெஞ்சுக்கிட்டுதான் இருக்கு.” கொல்லன் மெல்லத் தலையைத் திருப்பி மாசிலாமணியையே பார்த்தான். அவர் மைக்கை விட்டுப் பின்வாங்கினார். சத்தம் புகாமலிருக்க வெளியே தாழிட்டிருந்த கதவருகே ஓடிவந்து, “தொறம்மா, ஒண்ணுமில்ல,” என்றார். குரலில் அதே குழைவு. தாழ்ப்பாளைத் தொட்ட ரெஜினாவின் கை அங்கேயே நின்றது.