தூங்குமூஞ்சி மரத்தின் வயது

“இந்த மரத்துக்கு என்னா வயசுங்க இருக்கும்?”

தசரதன் காபி டவராவோடு வாசலுக்கு விரைந்தார். கேட்ட அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு பை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கடைக்குள்கூட வராமல், வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வேரிலிருந்து உச்சி வரை பார்த்த பார்வையே சரியில்லை.

செங்கம் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு வாரமாகப் பேச்சு. நேற்றுத்தான் தெருமுனையில் இரண்டு புளியமரங்களுக்கு யாரோ சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தசரதனின் டிபன் கடைக்கு மூன்று பக்கம்தான் சுவர். முன்பக்கத்துக்கு மரம்தான் கூரை, மரம்தான் விசிறி. பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அந்த நிழலில் உட்காருவதற்காகவே ஒரு தோசை ஜாஸ்தி சாப்பிட்டார்கள்.

“மேடம் எந்த ஆபீஸ்லேர்ந்து வரீங்க?” என்று மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துப் பணிவாகக் காபியை நீட்டினார்.

“ஆபீஸெல்லாம் இல்லீங்க. ஒரு விஷயம் விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

ஆபீஸ் இல்லை என்று சொல்கிறவர்கள்தான் பெரிய ஆபீஸிலிருந்து வருவார்கள் என்பது தசரதனின் அனுபவம். ரொம்பப் பழைய மரமென்றால் வெட்டாமல் விட்டுவிடுவார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது.

“நூத்தம்பது வருஷம், மேடம். எங்க பாட்டனுக்குப் பாட்டன் வச்சது.”

“போன வாரம் அந்த ஜெர்மன்காரம்மாகிட்ட முந்நூறுன்னீங்களே?” என்று தோசைக்கல் பக்கமிருந்து அவர் மனைவி ரேணுகாம்பாளின் குரல் வந்தது.

“நீ தோசையைப் பாரு.”

அந்த அம்மா எழுந்து போய், அடிமரத்தை உள்ளங்கையால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். “நூத்தம்பதுன்னா உள்ள இத்துப்போயிருக்குமே. அந்த மாதிரி மரம் ரோட்டோரமா நிக்கறது ஆபத்துங்க. ஒரு காத்து அடிச்சா போதும், கிளை முறிஞ்சு யார் தலையிலயாவது விழும்.”

அந்தக் கிளை தன் தலையிலேயே விழுந்தது போலிருந்தது தசரதனுக்கு.

“நூத்தம்பதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மேடம். இது சின்ன மரம்தான். பதினஞ்சு வருஷம் ஆவுது. மண்ணுல சத்து ஜாஸ்தி, அதான் இப்படிப் பெருத்துப்போச்சு.”

“பதினஞ்சா? கடை போட்டே இருபத்தாறு வருஷம் ஆச்சுங்களே,” என்றாள் ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து.

அந்த அம்மா திரும்ப வந்து உட்கார்ந்து காபியை ஒரு வாய் குடித்தார். “இளமரம்னா கவலையே இல்லீங்க. வேரோட எடுத்து வேற எங்கயாவது நட்டுடலாம். இப்பல்லாம் அதுக்குன்னே மிஷின் வந்துடுச்சு.”

“அவ்ளோ இளசும் இல்ல, மேடம். அறுபதுன்னு வச்சுக்குங்க.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது.

“ஐயா, தூங்குமூஞ்சி சின்ன வயசுல மடமடன்னு வளரும். மேல போகறது எல்லாம் அப்பவே போயிடும். அப்புறம் உசரத்தை விட்டுட்டுக் குடை மாதிரி பக்கவாட்டுல விரியும். வயசாச்சுன்னா உச்சிக் கொம்புலேர்ந்து காய ஆரம்பிக்கும். இதுல ஒரு காஞ்ச கொம்பு இருக்குதா, பாருங்க. இது குழந்தையும் இல்ல, கிழமும் இல்ல. நீங்க சரியான வயசைச் சொன்னாதான் நான் மேற்கொண்டு பேச முடியும்.”

தசரதன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூட்டினாலும் வெட்டு, குறைத்தாலும் வெட்டு. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“உண்மையைச் சொல்லிடறேன், மேடம். இது நானே வச்ச மரம். என் பையன் வளவனை ஆஸ்பத்திரியிலேர்ந்து பின்னாடி இருக்கற நம்ம வீட்டுக்குத் தூக்கினு வந்த அன்னிக்கு, ஒரு சாண் செடியா வச்சேன். ஆடு கடிக்காம சுத்தி முள்ளு கட்டினேன். ரெண்டு பேரையும் ஒண்ணாதான் வளத்தோம். அவன் நடக்க ஆரம்பிச்சப்போ இது என் தோள் உசரம். அவனை ஒண்ணாங்கிளாஸ்ல சேத்தப்போ வீட்டுக் கூரையைத் தாண்டிடுச்சு. மீசை முளைச்சதோட அவன் வளர்றதை நிறுத்திட்டான், இது நிறுத்தல.” அவர் அடிமரத்தைக் கைகாட்டினார். “வர்ற ஆவணிக்கு முப்பத்தெட்டு முடியுது, மேடம். ஒரு மாசம் கூட இல்ல, ஒரு மாசம் குறைவு இல்ல. அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்றேன்.”

உள்ளே தோசைத் திருப்பி தரையில் விழுந்தது. “என்னாங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன்,” என்று ரேணுகாம்பாள் மாவுக் கையோடு வாசலுக்கே ஓடி வந்தாள்.

தசரதன் அவளைக் கையமர்த்தினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசாகியிருந்தது. “இரு, ரேணுகா. மறைச்சு என்னா ஆவப்போவுது? உண்மையைச் சொன்னா மரம் பொழைக்கும்.”

“மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க,” என்றபடி அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “என் பேர் சந்திரகலா, கீழ்பென்னாத்தூர்ல தாவரவியல் டீச்சர். போன வாரம் என் பொண்ணுக்குன்னு புரோக்கர் உங்க பையன் ஜாதகத்தைக் குடுத்தாரு, பையன் பொறந்தப்போ வச்ச மரம் கடை வாசல்ல நிக்குதுன்னும் சொன்னாரு. ஜாதகத்துல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது.”